போர் விட்டுச்சென்ற பிள்ளைகளின் தந்தை: அருளாளர் கார்லோ ஞோக்கி

2009ம் ஆண்டு அக்டோபர் 25ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியின் மிலான் பேராலயத்துக்கு முன்னுள்ள பெரிய சதுக்கத்தில் பல்லாயிரம் மக்கள் திருப்பலிக்குக் கூடியிருந்தனர். அவர்களில் இரண்டு கூட்டத்தினர் தனியாகத் தெரிந்தனர். தொப்பியில் நீண்ட இறகு செருகிய ஆல்பீனி எனப்படும் மலைப்படை வீரர்கள் ஒரு பக்கம். சக்கர நாற்காலிகளில் வந்திருந்த மாற்றுத்திறனாளிகள் மறு பக்கம். படைவீரர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் என்ன உறவு? இருவருமே அன்று அருளாளராக உயர்த்தப்பட்ட ஓர் அருள்பணியாளரைத் தங்கள் தந்தை என்று உரிமை கொண்டாடியவர்கள். அவர் பெயர் கார்லோ ஞோக்கி. பாசிச இத்தாலி நடத்திய போரில் ஆன்ம குருவாகப் பணியாற்றி, அந்தப் போர் சிதைத்துப்போட்ட சிறுவர்களுக்காகத் தம் எஞ்சிய வாழ்நாளைக் கொடுத்தவர். அவருடைய வாழ்வையும், அதன் வழியாக ஒரு நாடு போரில் பட்ட பாட்டையும் இன்று நாம் சிந்திப்போம்.

இழப்புகளில் வளர்ந்த சிறுவன்

கார்லோ ஞோக்கி 1902ம் ஆண்டு அக்டோபர் 25ம் தேதி, வட இத்தாலியின் லோதி நகருக்கு அருகிலுள்ள சான் கொலொம்பானோ அல் லாம்ப்ரோ எனும் ஊரில் பிறந்தார். தந்தை என்ரிக்கோ சலவைக்கல் வேலை செய்த தொழிலாளி. கல்தூசியால் நுரையீரல் கெட்டு, கார்லோவுக்கு ஐந்து வயதானபோது அவர் இறந்துபோனார். தையல் வேலை செய்த தாய் கிளெமெந்தீனா, மூன்று ஆண் குழந்தைகளோடு மிலானுக்கு இடம்பெயர்ந்தார். சில ஆண்டுகளுக்குள் மாரியோ, அந்திரேயா என்ற மற்ற இரு மகன்களையும் காசநோய் கொண்டுபோனது. எஞ்சியவர் கார்லோ மட்டுமே. அவருக்கும் உடல்நலம் நன்றாக இல்லை. மோந்தெசீரோ என்ற கிராமத்தில் உறவினர் வீட்டில் அவர் அடிக்கடி தங்கி உடலைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

தனக்கு மிஞ்சிய ஒரே மகனை அந்தத் தாய் இறைவனுக்குக் கொடுத்தார். மிலான் உயர்மறைமாவட்டக் குருமடத்தில் பயின்ற கார்லோ, 1925ம் ஆண்டு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தம் முதல் திருப்பலியை அவ்வாண்டு ஜூன் 6ம் தேதி மோந்தெசீரோவில் நிறைவேற்றினார். தொடக்கத்திலிருந்தே அவருக்குக் கிடைத்தது இளையோர் பணி. செர்னூஸ்கோ எனும் ஊரிலும், பின்னர் மிலான் நகரின் ஒரு பங்கிலும், சிறுவர்களும் இளைஞர்களும் விளையாடவும் செபிக்கவும் கூடும் இளையோர் இல்லங்களில் அவர் பணியாற்றினார். 1936ம் ஆண்டு கர்தினால் இல்தெஃபோன்சோ சூஸ்டர், மிலானின் புகழ்பெற்ற கொன்சாகா கல்வி நிறுவனத்தின் ஆன்மீக இயக்குனராக அவரை நியமித்தார்.

சிறுவர் கைகளில் துப்பாக்கி

இளையோருக்குக் கல்வி கொடுப்பது அக்கால இத்தாலியில் எளிதான பணி அல்ல. கார்லோவுக்கு 20 வயது நிறைந்து ஒரு வாரம்கூட ஆகாதபோது, 1922ம் ஆண்டு அக்டோபர் இறுதியில் முசோலினி ஆட்சிப் பொறுப்பேற்றார். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற கட்சிகள் தடைசெய்யப்பட்டன. பள்ளிச் சிறுவர்களுக்கென்று 1926ம் ஆண்டு பலில்லா என்ற அரசு அமைப்பு தொடங்கப்பட்டது. கறுப்புச் சட்டை அணிந்து, சிறிய துப்பாக்கிகளை ஏந்தி அணிவகுத்துச் செல்ல அதில் சிறுவர்கள் பழக்கப்பட்டனர். நம்பவும் கீழ்ப்படியவும் போரிடவும் மட்டுமே தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்குவது அரசின் நோக்கமாக இருந்தது. 1931ம் ஆண்டு கத்தோலிக்க இளையோர் கழகங்களை அரசு மூடியபோது, திருத்தந்தை பதினோராம் பயஸ் ஒரு சுற்றுமடல் எழுதி அதை எதிர்த்தார்.

ஆனால் எதிர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. 1929ம் ஆண்டின் இலாத்தரன் உடன்படிக்கைக்குப் பிறகு, அரசோடு ஒத்துப்போவதே பலருக்கு இயல்பாகிவிட்டது. 1935ம் ஆண்டு இத்தாலி எத்தியோப்பியாவின்மீது படையெடுத்து, நச்சு வாயுவையும் பயன்படுத்தியது. அந்தப் போரை வாழ்த்திய திருச்சபைத் தலைவர்களும் இருந்தனர். இளம் அருள்பணியாளர் ஞோக்கியும் தொடக்கத்தில் பாசிச அரசை எதிர்த்து நின்றவர் அல்லர். 1930களின் இறுதியில், அரசின் இளையோர் படைப்பிரிவு ஒன்றில் சேர்ந்திருந்த மிலான் மாணவர்களுக்கு அவர் ஆன்ம குருவாக இருந்தார். இளைஞர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே குருவும் இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவர்களைச் சுமந்து சென்ற வண்டி எந்தத் திசையில் போகிறது என்பது அப்போது பலருக்கும் புரியவில்லை. 1938ம் ஆண்டு யூதர்களுக்கு எதிரான இனச்சட்டங்கள் வந்தபோதுதான், அவருடைய பேராயர் கர்தினால் சூஸ்டர் மிலான் பேராலயத்தில் மறையுரையாற்றி இனவாதத்தைக் கண்டித்தார்.

தானே முன்வந்து போர்முனைக்கு

1940ம் ஆண்டு ஜூன் 10ம் தேதி இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. பிரான்ஸ் ஏற்கனவே வீழ்ந்துகொண்டிருந்தது. போர் சில வாரங்களில் முடிந்துவிடும், வெற்றியில் பங்கு கிடைக்கும் என்பது முசோலினியின் கணக்கு. போதிய ஆயுதமோ தயாரிப்போ இல்லாமல் எடுத்த முடிவு அது. அருள்பணி ஞோக்கியின் மாணவர்கள் ஒவ்வொருவராகப் போருக்கு அழைக்கப்பட்டனர். தாம் வளர்த்த பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் பாதுகாப்பாக இருக்க அவருக்கு மனம் வரவில்லை. தாமே முன்வந்து, ஆல்பீனி மலைப்படையின் வால் தல்யமெந்தோ பிரிவுக்கு ஆன்ம குருவாகச் சேர்ந்தார்.

அவர்கள் அனுப்பப்பட்ட இடம் அல்பேனிய-கிரேக்கப் போர்முனை. 1940ம் ஆண்டு அக்டோபர் 28ம் தேதி, அல்பேனியாவிலிருந்து கிரேக்கத்தைத் தாக்கியது இத்தாலி. குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் மலைநாட்டின்மீது படையெடுத்த இந்தத் திட்டம் சில வாரங்களிலேயே குலைந்தது. கிரேக்கர்கள் இத்தாலியப் படையை அல்பேனியாவுக்குள் திருப்பித் துரத்தினர். சேற்றிலும் பனியிலும் மாதக்கணக்கில் கிடந்த இத்தாலிய வீரர்களில் 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் உறைபனியால் பாதிக்கப்பட்டனர். கைகால் விரல்களை இழந்தவர்கள் பலர். இறுதியில் 1941ம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனி தலையிட்டதால்தான் கிரேக்கம் வீழ்ந்தது. அதன்பின் அந்நாட்டை ஆக்கிரமிப்பும் பெரும் பஞ்சமும் வாட்டின. ஏதென்ஸ் நகரத் தெருக்களில் மக்கள் பட்டினியால் விழுந்து இறந்தனர். இத்தாலியத் தாய்மார்களின் கண்ணீரை நினைக்கும்போது, கிரேக்கத் தாய்மார்களின் கண்ணீரையும் நாம் நினைக்க வேண்டும். போரைத் தேடிச் சென்றது இத்தாலி. போர் வீட்டு வாசலுக்கு வந்தது கிரேக்கர்களுக்கு.

டான் நதிக்கரையில்

1942ம் ஆண்டு இத்தாலி ஏறக்குறைய 2 இலட்சத்து 30 ஆயிரம் வீரர்களை இரஷ்யப் போர்முனைக்கு அனுப்பியது. திரிதெந்தீனா என்ற ஆல்பீனி படைப்பிரிவோடு அருள்பணி ஞோக்கியும் சென்றார். காக்கசஸ் மலைகளில் போரிடுவதற்கென்று ஏணிகளும் கயிறுகளும் கோவேறு கழுதைகளுமாகப் புறப்பட்ட மலைப்படையினரை, கண்ணுக்கெட்டியவரை மேடே இல்லாத டான் நதிச் சமவெளியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பீரங்கி வண்டிகளை எதிர்க்கும் ஆயுதம் அவர்களிடம் போதுமான அளவு இல்லை. அந்தக் கடுங்குளிருக்கேற்ற காலணிகளும் இல்லை.

1942ம் ஆண்டு டிசம்பரிலும் 1943 சனவரியிலும் சோவியத் படைகள் போர்முனையைப் பிளந்தன. மலைப்படையினர் பின்வாங்கத் தொடங்கிய சனவரி 17ம் தேதிக்குள் எதிரிகள் அவர்களைச் சுற்றி வளைத்துவிட்டனர். உறைநிலைக்குக் கீழே 30, 40 டிகிரி குளிரில், பல்லாயிரம் பேர் பனியில் நீண்ட வரிசையாக நடந்தனர். உட்கார்ந்தவர்கள் எழவில்லை. காயம்பட்டவர்களை ஏற்றிய சறுக்குவண்டிகளில் இடம்பிடிக்க மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் போராடினர். ஒரு துண்டு ரொட்டிக்காக நண்பன் நண்பனை மறந்த காட்சிகளையும், தன் போர்வையைச் சாகும் தோழனுக்குக் கொடுத்த காட்சிகளையும் அந்தப் பாதை கண்டது. வழியிலிருந்த குடிசைகளில் இரஷ்யப் பெண்கள் இந்த அந்நியப் படையினருக்குக் கதவைத் திறந்து, தங்களிடம் இருந்த உருளைக்கிழங்கைப் பகிர்ந்தளித்ததைத் திரும்பி வந்தவர்கள் பலர் நன்றியோடு பதிவு செய்துள்ளனர். நல்ல சமாரியரின் உவமையை இதைவிடத் தெளிவாக விளக்க முடியுமா?

இந்த வரிசையில் நடந்த அருள்பணி ஞோக்கி, இறப்பவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கினார். அவர்கள் தம் தாய்க்கும் மனைவிக்கும் சொல்ல விரும்பிய கடைசிச் செய்திகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சாகும் தந்தையர் எல்லாருக்கும் ஒரே கவலைதான் இருந்தது. என் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஒரு கட்டத்தில் அவரும் வலுவிழந்து பாதையோரத்தில் விழுந்தார். கடந்து சென்ற சறுக்குவண்டி ஒன்றில் ஏற்றப்பட்டு உயிர் பிழைத்தார். சனவரி 26ம் தேதி நிக்கொலாயெவ்கா எனும் ஊரில் நடந்த சண்டையில் திரிதெந்தீனா பிரிவு முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியேறியது. மற்ற இரண்டு ஆல்பீனி பிரிவுகளான யூலியாவும் கூனெயென்செயும் ஏறக்குறைய அழிந்துபோயின. இரஷ்யாவுக்குச் சென்ற இத்தாலியரில் ஏறக்குறைய 85 ஆயிரம் பேர் வீடு திரும்பவே இல்லை.

அந்தப் பனிப்பாதையில்தான், பெரியதோர் அன்புப்பணிக்குத் தம் வாழ்வைக் கொடுக்கும் எண்ணம் அருள்பணி ஞோக்கியின் உள்ளத்தில் உறுதிப்பட்டது. இறக்கும் வீரர்களின் முகத்தில் தாம் கண்ட சிலுவையின் கிறிஸ்துவைப் பற்றி, ஆல்பீனியருடன் கிறிஸ்து என்ற பொருள்படும் தலைப்பில் அவர் ஒரு நூலும் எழுதினார்.

வாக்குறுதியைச் சுமந்து வீடு வீடாக

1943ம் ஆண்டு இத்தாலி திரும்பியதும், இறந்த வீரர்களின் கடிதங்களையும் சிறு நினைவுப் பொருள்களையும் எடுத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் அவர்களின் குடும்பங்களைத் தேடிச் சென்றார். பல வீடுகளில் மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாது. கடைசி நேரத்தில் அவன் தனியாக இல்லை, ஒரு குரு அருகில் இருந்தார் என்று கேட்பது அந்தத் தாய்மார்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்த வீடுகளில் தந்தையில்லாமல் நின்ற குழந்தைகளையும் அவர் பார்த்தார்.

அதற்குள் நாடே சிதறத் தொடங்கியிருந்தது. 1943ம் ஆண்டு ஜூலை 25ம் தேதி முசோலினி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். செப்டம்பர் 8ம் தேதி நேச நாடுகளோடு போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. உடனே ஜெர்மன் படைகள் இத்தாலியின் பெரும்பகுதியைக் கைப்பற்றின. ஆறு இலட்சத்துக்கும் அதிகமான இத்தாலிய வீரர்கள் ஜெர்மானிய முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வட இத்தாலியில் முசோலினியின் பெயரில் ஒரு பொம்மை அரசு. அதை எதிர்த்து மலைகளில் விடுதலைப் போராளிகள். இத்தாலியனை இத்தாலியன் கொன்ற 20 மாதங்கள் அவை.

ஒரு காலத்தில் அரசின் இளையோர் படைக்கு ஆன்ம குருவாக இருந்தவர், இப்போது வேறு இடத்தில் நின்றார். தேடப்பட்டவர்களும் போராளிகளும் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல உதவினார். ஒற்றர் வேலை செய்ததாகவும், ஆட்சிக்கு எதிராகச் செயல்பட்டதாகவும் குற்றம் சாட்டி, ஜெர்மானிய எஸ்.எஸ். படையினர் அவரைக் கைதுசெய்தனர். மிலானின் சான் வித்தோரே சிறையில் அடைக்கப்பட்ட அவர், கர்தினால் சூஸ்டரின் முயற்சியால் விடுதலை பெற்றார். மனமாற்றம் என்பது வார்த்தைகளில் அல்ல, நாம் யார் பக்கத்தில் போய் நிற்கிறோம் என்பதில்தான் தெரிகிறது என்பதை இந்நிகழ்வு நமக்குக் கற்றுத் தருகிறது.

போர் முடிந்தது, குழந்தைகளுக்கு முடியவில்லை

1945ம் ஆண்டு ஏப்ரல் 25ம் தேதி மிலான் விடுதலை பெற்றது. போரில் இறந்த இத்தாலியர் நான்கு இலட்சத்துக்கும் அதிகம். இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தனர். 1944ம் ஆண்டு அக்டோபர் 20ம் தேதி, மிலானின் கோர்லா பகுதியில் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டு பள்ளிக்கூடம் ஒன்றின்மீது விழுந்து, 184 மாணவர்கள் இறந்தனர். பிழைத்த குழந்தைகளுக்கோ போர் நின்ற பிறகும் ஆபத்து நிற்கவில்லை. வயல்களிலும் இடிபாடுகளிலும் வெடிக்காத குண்டுகளும் கண்ணிவெடிகளும் கிடந்தன. விளையாட்டுப் பொருள் என்று எடுத்த சிறுவர்கள் கைகளையும் கால்களையும் கண்களையும் இழந்தனர்.

இந்தச் சிறுவர்கள் யாருக்கும் வேண்டாதவர்களாக இருந்தனர். போரில் காயமடைந்த வீரனுக்குப் பதக்கம் உண்டு, ஓய்வூதியம் உண்டு. காயமடைந்த குழந்தைக்கு என்ன உண்டு? 1945ம் ஆண்டு ஆரோசியோ என்ற ஊரில், போரில் உடலுறுப்பு இழந்த பெரியவர்களுக்கான இல்லத்துக்கு இயக்குனராகப் பொறுப்பேற்ற அருள்பணி ஞோக்கி, அங்கே போர் அநாதைகளையும் ஊனமுற்ற சிறுவர்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார். பனியில் இறந்த தந்தையர்க்குத் தந்த வாக்கு இப்படித்தான் செயலாயிற்று. ஊனமுற்ற சிறுவரின் தந்தை என்றே மக்கள் அவரை அழைக்கலாயினர்.

உணவும் படுக்கையும் கொடுத்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. அறுவைச் சிகிச்சை, செயற்கை உறுப்பு, உடற்பயிற்சி, பள்ளிப்படிப்பு, கைத்தொழில், செபம், விளையாட்டு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். குழந்தை இரக்கத்துக்குரிய பொருளாக அல்ல, உழைத்து வாழும் மனிதனாக வெளியே போக வேண்டும் என்பது அவருடைய திட்டம். 1949ம் ஆண்டு இத்தாலியப் பிரதமர் அல்சீதே தெ காஸ்பெரி, போரில் ஊனமுற்ற சிறுவர்கள் தொடர்பான விவகாரங்களுக்கு அவரை அரசின் ஆலோசகராக நியமித்தார். அதே ஆண்டு இரு இத்தாலியர், குழந்தைகளின் வானதூதர் என்று பெயரிட்ட ஒரு சிறிய விமானத்தில் மிலானிலிருந்து புவனோஸ் ஐரெஸ் வரை பறந்து, தென் அமெரிக்காவில் குடியேறியிருந்த இத்தாலியரிடம் இச்சிறுவர்களுக்காக நிதி திரட்டினர். பார்மா, தூரின், உரோம், சலெர்னோ எனப் பல நகரங்களில் இல்லங்கள் எழுந்தன.

ஆண்டுகள் செல்லச்செல்ல, போரில் காயமுற்ற சிறுவர்கள் வளர்ந்து பெரியவர்களாயினர். ஆனால் இளம்பிள்ளைவாதம் புதிய குழந்தைகளின் கால்களை முடக்கிக்கொண்டிருந்தது. அருள்பணி ஞோக்கி கதவை மூடவில்லை. 1952ம் ஆண்டு அரசின் ஏற்பு பெற்ற புதிய அறக்கட்டளை வழியாக அக்குழந்தைகளையும் ஏற்றுக்கொண்டார். மாசற்றவர்களின் துன்பத்தைப் பற்றி அவர் ஆழ்ந்து சிந்தித்து எழுதினார். குழந்தையின் வலி கிறிஸ்துவின் சிலுவையோடு இணைந்தது, அது வீணாவதில்லை என்று நம்பினார். அதே வேளையில், அந்த வலியை நீக்க மருத்துவம் அறிந்த அனைத்தையும் செய்வது நம் கடமை என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. செபிக்கிறோம் என்று சொல்லி மருந்தை மறப்பதும், மருந்து கொடுத்துவிட்டோம் என்று ஆன்மாவை மறப்பதும் அவருக்கு ஏற்புடையவை அல்ல.

கடைசிக் கொடை

1955ம் ஆண்டு செப்டம்பர் 11ம் தேதி, மிலானில் பெரிய மறுவாழ்வு மையம் ஒன்றுக்கு இத்தாலிய அரசுத்தலைவர் முன்னிலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது கட்டி முடிக்கப்பட்டதைக் காண அவர் உயிரோடு இல்லை. புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. 1956ம் ஆண்டு பிப்ரவரி 28ம் தேதி, தம் 53வது வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். இறக்கும் தறுவாயில், தம் பிள்ளைகளின் இல்லத்தைக் கைவிடாதீர்கள் என்று நண்பர்களிடம் ஒப்படைத்தார்.

சாகும் முன் இன்னொன்றையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தம் இரு கண்களின் விழிவெண்படலத்தைப் பார்வையற்ற இரு இளையோருக்குப் பொருத்த வேண்டும் என்பதே அது. உறுப்புமாற்றுக்கு அப்போது இத்தாலியில் தெளிவான சட்டம் இல்லை. ஆயினும் மருத்துவர் சேசரே கலெயாத்சி அந்த அறுவைச் சிகிச்சையைச் செய்தார். ஒரு சிறுவனும் ஓர் இளம்பெண்ணும் பார்வை பெற்றனர். நாடே அதைப் பேசியது. அதே ஆண்டு மே மாதத்தில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், இறந்தவரின் கண்ணைத் தானம் செய்வது கிறிஸ்தவ நெறிக்கு முரணானது அல்ல என்று விளக்கினார். 1957ம் ஆண்டு இத்தாலியில் இதற்கான சட்டமும் வந்தது.

மார்ச் முதல் தேதி, மிலான் பேராலயத்தில் பேராயர் மொந்தீனி, அதாவது பின்னாளில் திருத்தந்தை ஆறாம் பவுல் ஆனவர், அடக்கத் திருப்பலியை நிறைவேற்றினார். ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் கூடினர். ஆல்பீனி வீரர்கள் அவர் உடலைச் சுமந்தனர். ஊன்றுகோல்களுடன் சிறுவர்கள் உடன் சென்றனர். 1979ம் ஆண்டு கடுமையான மின்தாக்குதலுக்கு உள்ளான ஒரு மின்பணியாளர் உயிர் பிழைத்தது, அவருடைய பரிந்துரையால் நிகழ்ந்த புதுமையாகத் திருச்சபையால் ஏற்கப்பட்டது. அந்தப் பணியாளரும் ஓர் ஆல்பீனி வீரரே.

நமக்கு அவர் விட்டுச்செல்வது

அன்புக்குரியவர்களே, திருச்சபை ஒருவரை அருளாளர் என்று அழைப்பது, அவர் வாழ்வின் ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார் என்பதற்காக அல்ல. அணிவகுப்புகளின் ஆரவாரத்தில் வளர்ந்த ஒரு தலைமுறையோடு அருள்பணி ஞோக்கியும் நடந்தார். அந்த ஆரவாரம் எங்கே கொண்டுபோய்விட்டது என்பதைப் பனியில் கண்டபோது, கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. தலைவர்களைக் குறைசொல்லி ஒதுங்கிவிடவும் இல்லை. போருக்கான விலையை யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் அருகில் போய் நின்றார்.

ஏரோது அரசன் தன் அரியணைக்குப் பயந்தபோது, பெத்லகேமின் குழந்தைகள் இறந்தனர். முசோலினி வெற்றியில் பங்கு கேட்டபோது, மிலானின் குழந்தைகளும் ஏதென்ஸின் குழந்தைகளும் அதற்கு விலை கொடுத்தனர். இன்றும் உலகின் பல பகுதிகளில் இதுவே நடக்கிறது. போர் பற்றிய செய்திகளில் எந்த நாடு வென்றது, எத்தனை விமானம் வீழ்ந்தது என்று நாம் ஆர்வமாகப் பார்க்கிறோம். வீரம் பேசும் தலைவர்களைப் பிள்ளைகள் முன்னிலையில் புகழ்கிறோம். இனி அப்படிப் பேசும் முன்னர், கால் இழந்து சுவரில் சாய்ந்து நிற்கும் ஒரு சிறுவனை நினைத்துப் பார்ப்போம். அவன் எந்த நாட்டுச் சிறுவன் என்று கேட்காதிருப்போம்.

நம் பங்குகளில், ஊனத்தோடு பிறந்த பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் பெற்றோர் இருக்கலாம். அந்தப் பிள்ளை நம் ஞாயிறு திருப்பலிக்கு வர வழி இருக்கிறதா, மறைக்கல்வி வகுப்பில் அதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்போம். நம் மறைவுக்குப்பின் நம் கண்கள் வேறொருவருக்கு ஒளி தரட்டும் என்று எழுதிக் கொடுக்கலாமா என்றும் குடும்பமாக அமர்ந்து பேசுவோம். போரில் இறந்த எல்லா நாட்டுத் தந்தையருக்காகவும், அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்காகவும், அருளாளர் கார்லோ ஞோக்கியின் பரிந்துரை வழியாக இறைவனை மன்றாடுவோம்.